சரி, வாறன்

அந்தக் கனேடிய ரொக் இசைக்குழுவின் ஒரு பாட்டுக்கூட எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது என்னை இசை ரசிகை என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய பாட்டுகள் எல்லாமே எனக்குத் தெரியும். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் மேளம் சட்டென்று நிற்கும், எந்த இடத்தில் பாடகர் தொண்டை கிழியக் கத்துவார் என்பதெல்லாம் பாடம். காரணம் அண்ணா. அண்ணா அவர்களிடம் வேலை பார்த்தார்.

பாடுகிற வேலை இல்லை. மேடையின் ஓரத்தில், வெளிச்சம் விழாத இடத்தில் நின்று கிற்றார்களுக்குக் கம்பி மாற்றி, சுருதி சேர்த்து, பாட்டுக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிற வேலை. பாட்டின் நடுவில் கம்பி அறுந்தால் இன்னொரு கிற்றாரோடு ஓடிப்போய், பாட்டு நிற்பதற்குள் மாற்றிக் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வயலின் பழகிய காது அவருடையது. ரொறொன்ரோவில் ஒரு மதுச்சாலைக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது, அங்கே வாசிக்க வந்த இவர்களிடம் போய் உங்களுடைய கிற்றார் சுருதி விலகி நிற்கிறது என்று சொன்னாராம். முதலில் சிரித்தார்களாம், பிறகு வேலை கொடுத்தார்களாம். அண்ணா சொல்லச் சொல்ல இந்தக் கதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். அதனால் நான் பாதியைத்தான் நம்புகிறேன்.

பிறகு அவர்கள் பெரிய ஆட்களானார்கள். ஐஸ் ஹொக்கி விளையாடுகிற அரங்குகளை நிரப்பினார்கள். அண்ணா மேடைக்குப் பின்னால் நின்று எடுத்த படங்களை அனுப்புவார். படத்தில் ஆயிரக்கணக்கான தலைகள் இருக்கும், அண்ணாவின் தலை இருக்காது. "உங்கட முகத்தை அனுப்புங்கோ" என்று கேட்டால் ஒரு கிற்றாரின் படம் வரும்.

அவருடைய முகத்தை நான் கடைசியாக நேரில் பார்த்தபோது பள்ளிக்கூடச் சீருடையில் நின்றேன். கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்றார். எங்கள் ஆட்கள் புறப்படும்போது "போறன்" என்று சொல்வதில்லை. சந்திக் கடைக்குப் போனாலும் வாறன்தான், கண்டம் விட்டுக் கண்டம் போனாலும் வாறன்தான். தொலைபேசியை வைக்கும்போதும் அதே வாறன். வாய் தவறிப் "போறன்" என்று சொன்னால் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

அம்மாவும் அப்பாவும் இப்போது இல்லை. மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் ரொறொன்ரோவில், நான் மெல்பேர்னில். நான் படகில் வந்தவள். வந்ததிலிருந்து ஒரு தற்காலிக விசா முடிய இன்னொரு தற்காலிக விசா. பிரிட்ஜிங் விசா என்பார்கள். பெயரில்தான் பாலம் இருக்கிறது. வேலை செய்யலாம், வரி கட்டலாம், ஆனால் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. ஆகவே நான் கனடாவுக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வரக்கூடியவர் அண்ணாதான். அவரிடம் கனேடியப் பாஸ்போர்ட் இருந்தது. "இந்த வருஷம் பாப்பம்" என்பார். ஒரு வருஷம் அண்ணிக்குச் சத்திரசிகிச்சை, ஒரு வருஷம் மகளின் கல்யாணம், ஒரு வருஷம் காரணமே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. இல்லை, குறைதான் சொல்கிறேன். ஒரு தங்கச்சி உலகத்தின் அடியில் தனியே கிடக்கிறாள் என்று அவருக்குத் தெரியாதா?

எனக்கு ஐம்பதை நெருங்குகிறது. அவர் அறுபதைத் தாண்டிவிட்டார். சாவதற்குள் அண்ணாவை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை மிஞ்சவில்லை.

ஞாயிறு காலைகளில் அவர் எனக்குத் தொலைபேசி எடுப்பார். அவருக்கு அது சனி இரவு. அன்றைக்கும் எடுத்தார்.

"என்ன பிள்ளை, சுகமோ? எங்கட பாண்ட் ஆக்கள் அங்க வருகினம். மெல்பேர்ன், சிட்னி ரெண்டும். மெல்பேர்ன்ல ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். உன்ர பேரை வாசல்ல குடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறன்."

"அண்ணா, நீங்களும் வாறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம், ஓம்."

"உண்மையாவோ?"

"ஓம், ஓம். சரி பிள்ளை, வாறன்."

வைத்துவிட்டார். நான் குசினிக் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகிற அளவுக்குச் சந்தோஷம் வரும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.

அதற்குப் பிறகு குரல் செய்திகளாக அனுப்பித் தள்ளினேன். நான் பேனாவால் எழுதுகிறவள்தான், ஆனால் போனில் தமிழ் தட்டப் பஞ்சி, சோம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் போல மைக் அடையாளத்தை அமத்திப் பிடித்துக் கதைத்து அனுப்பிவிடுவேன். அண்ணா எதற்கும் ஒரு பெருவிரல் படத்தைத்தான் திருப்பி அனுப்புவார். "அண்ணா, கணவாய்க்கறி வைக்கவோ?" பெருவிரல். "ரெண்டு நாளாவது என்னோட நிக்கோணும், என்ன?" பெருவிரல். "எயார்போட்டுக்கு வரவோ, இல்லாட்டி நேர பாட்டு நடக்கிற இடத்துக்கு வரவோ?" அதற்கும் பெருவிரல். கேள்வி இரண்டு, விரல் ஒன்று. அப்போதாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அண்ணா எப்போதும் பேச்சில் சிக்கனம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மெல்பேர்னின் ஓரத்தில், டண்டினோங்கில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறேன். அறைக்குள் மடிக்கிற கட்டில் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டேன். அவருக்குக் கட்டில், எனக்கு நிலம். புதிய தலையணை உறை வாங்கினேன். வேலை மல்கிரேவில், ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். அங்கே என்னோடு வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியிடம் அந்த ஞாயிறு எனக்குப் பதிலாக நிற்க முடியுமா என்று கேட்டேன்.

"ராக் பேண்டா? நீங்களா? சும்மா சொல்லாதீங்கக்கா" என்று சிரித்தாள். அண்ணா வருகிறார் என்றதும் அவள் முகம் மாறியது. "அதுக்கென்ன, நான் பாத்துக்கறேன். நல்லா சமைச்சுப் போடுங்க. சரிக்கா, வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். "வர்றேன்" என்று சொன்னவள் போவதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எதுவும் உறைக்கவில்லை.

ஞாயிறு காலை பிட்டு அவித்து, கணவாய்க்கறி வைத்தேன். குழுவோடு உடனே அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தால் பாவம் பசியோடு போகக்கூடாது என்று ஒரு பங்கைப் பெட்டியில் அடைத்தேன். நல்ல சேலை கட்டுவோமா என்று யோசித்து, கடைசியில் காற்சட்டையும் பச்சைச் சட்டையும் போட்டேன். ரயிலில் சிற்றிக்குப் போய், அங்கிருந்து டிராமில் பிரன்ஸ்விக்குக்குப் போனேன். வழி முழுக்க என்ன சொல்லி அழைப்பது என்று யோசித்தேன். அண்ணா என்றுதான் அழைப்பேன், வேறு என்ன, ஆனாலும் நேரில் அந்தச் சொல்லைச் சொல்லி எவ்வளவு காலம்.

அது ஒரு பழைய பப். முன்னால் மதுச்சாலை, பின்னால் ஒரு அறை, அந்த அறையில்தான் பாட்டு. ஹொக்கி அரங்குகளை நிரப்பியவர்கள் இங்கேயா என்று எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு அறை இதைவிடப் பெரிது. வாசலில் மூக்கிலும் உதட்டிலும் வளையம் போட்ட ஒரு பிள்ளை பெயரைக் கேட்டாள். சொன்னேன், இல்லை என்றாள். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னேன், இருந்தது. இந்த நாடுகளின் கடுதாசிகளில் அப்பாவின் பெயர்தான் எங்கள் குடும்பப் பெயர். என் பையைத் திறந்து சாப்பாட்டுப் பெட்டியைக் கண்டதும் வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோக முடியாது என்றாள். அது எனக்கில்லை, உள்ளே வேலை செய்கிற என் அண்ணாவுக்கு என்றேன். "நோ வொறீஸ்" என்று பெட்டியைத் தன் மேசைக்குக் கீழே வைத்துவிட்டுக் கையில் ஒரு முத்திரை குத்தினாள்.

உள்ளே நரைத்த தலை ஆண்கள் வயிற்றில் இறுகிய பழைய ரீசேர்ட்டுகளோடு நின்றார்கள். நான் நேரே மேடை ஓரத்துக்குப் போய் நின்றேன். அண்ணா நிற்கிற பக்கம் எது என்று எனக்குத் தெரியும், இடது பக்கம், எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அங்கே கழுத்தில் பச்சை குத்திய ஓர் இளைஞன் வயர்களைச் சுருட்டிக்கொண்டு நின்றான். அண்ணா உள்ளே இருப்பார் என்று நினைத்தேன். மேடைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் திரை தொங்கியது. அந்தத் திரை அசைந்தபோதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

குழு வந்தது. நாலு கிழவர்கள். இரக்கமில்லாமல் சொல்கிறேன், ஆனால் அதுதான் உண்மை. மேளக்காரர் கதிரையில் உட்காருவதற்கே கொஞ்ச நேரம் எடுத்தார். பாடகர் ஒரு முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். முதல் பாட்டில் அவர் கத்த வேண்டிய இடம் வந்தபோது கத்தவில்லை. மைக்கைச் சனத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார், சனம் கத்தியது. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. எனக்கு அந்தப் பாட்டுகளின் மேல் இருந்த வெறுப்பெல்லாம் போய், பார்க்கவே பாவமாக இருந்தது. நான் பாட்டைக் கேட்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதியில் கிற்றார்க் கம்பி அறுந்தது. எனக்கு அது நல்ல செய்தி. இப்போது அண்ணா ஓடி வருவார். கம்பி அறுந்தால் வருகிறவர் அவர்தானே. நான் கால் நுனியில் எழும்பி நின்றேன். வாயில் "அண்ணா" தயாராக இருந்தது.

யாரும் வரவில்லை. கிற்றார்க்காரர் பாட்டை நிறுத்தினார். மெல்லக் குந்தி, கீழே கிடந்த இன்னொரு கிற்றாரைத் தானே எடுத்தார். சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு முறுக்காணியைத் திருகினார். பாடகர் நேரத்தை ஓட்டுவதற்காகத் தன் முழங்காலைப் பற்றி ஏதோ பகிடி விட்டார், எல்லோரும் சிரித்தார்கள். பச்சை குத்திய பையன் பப்பின் ஆள்போல, சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அண்ணா இந்தக் கட்டடத்தில் இல்லை. இந்த நாட்டில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒருவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மிச்சப் பாட்டுகள் முழுவதையும் நின்று கேட்டேன், ஏனென்றால் நகர முடியவில்லை.

பாட்டு முடிந்த பிறகு அவர்களே ஒரு மேசைக்குப் பின்னால் நின்று ரீசேர்ட் விற்றார்கள். நான் கிற்றார்க்காரரிடம் போய் நான் யாருடைய தங்கச்சி என்று சொன்னேன். அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு முகம் மலர்ந்து ஒரு பெயரைச் சொன்னார். அது என் அப்பாவின் பெயரில் பாதி. இத்தனை காலமும் அவர்கள் அண்ணாவை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். செத்துப்போன அப்பாவை ஒரு வெள்ளைக்காரக் கிழவர் செல்லமாகக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவர் எப்படி இருக்கிறார், காது எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்.

காதா?

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. சொல்லிவிட்டுத்தான் ஆக வேண்டும் என்பதுபோல் சொன்னார். ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில் நின்று நின்று அண்ணாவின் ஒரு காது முழுதாகப் போய்விட்டது, மற்றதிலும் மிச்சம் அதிகமில்லை. கொரோனாவுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். அதற்கு முந்திய காலத்தில் அண்ணா எடுத்துக் கொடுத்த கிற்றார்கள் சுருதி விலகித்தான் இருந்தனவாம். இவர் சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அண்ணா காணாமல் தானே சரி செய்துகொண்டு வாசிப்பாராம். ஒரு நாள் அண்ணா அதைக் கண்டுவிட்டார். அடுத்த நாள் வரவில்லை. அதற்குப் பிறகு இவர்களும் வேறு ஆள் வைக்கவில்லை, வைக்கிற நிலையிலும் இல்லை. உங்களுடைய பெயரை வாசலில் போடச் சொல்லி அண்ணாதான் எழுதியிருந்தார், எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவரிடமிருந்து வந்த ஒரே சேதி அதுதான் என்றார். பிறகு, குழுவின் பஸ்ஸில் அண்ணா கொண்டுவருகிற அந்த மாவுச் சாப்பாடு இன்னும் நினைவிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

வாசல் மேசைக்குக் கீழே பிட்டுப் பெட்டி இருந்தது. எடுத்து அவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவர் நல்ல மனிதர், அது தெரிகிறது. ஆனால் அண்ணாவின் காதை அவர்களுடைய பாட்டுத்தான் தின்றது. இனி பிட்டையும் தின்ன வேண்டாம் என்று இருந்தது எனக்கு.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. டிராம் நிறுத்தத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாக அண்ணாவுக்குத் தமிழில் தட்டினேன். எழுத்துப் பிழைகள் வந்தன, திருத்தவில்லை.

"அண்ணா உங்களுக்குக் காது கேக்காதோ?"

கனடாவில் அப்போது விடியவில்லை. ஆனாலும் பதில் வந்தது.

"ஓம்."

இவ்வளவு காலத்தில் என்னுடைய கேள்வியைத் தெரிந்துகொண்டு அவர் சொன்ன முதல் ஓம் அதுதான் என்று நினைத்தேன். மற்ற ஓம் எல்லாம் ஏதோ ஒரு இடத்தில் ஓம் சொல்ல வேண்டும் என்று சொன்னவை. பெருவிரல்களும் அப்படித்தான். கணவாய்க்கறி, ரெண்டு நாள், எயார்போட் ஒன்றுமே அவரை எட்டவில்லை. குரலை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன், கேட்காத மனிதருக்கு.

"நீங்கள் வாறன் எண்டு சொன்னீங்கள்" என்று அனுப்பினேன்.

ஒரு டிராம் வந்து போனது. அதில் ஏறாமல் இருந்தேன். பிறகு பதில் வந்தது.

"அது போன் வைக்கேக்க சொல்லுறது தானே பிள்ளை."

தெரியும். எனக்குத் தெரியாததா. அம்மாவின் கோபத்துக்குப் பயந்து படித்த சொல் அது. பஸ்ஸில் காலை வைத்துக்கொண்டு அவர் அன்றைக்குச் சொன்னதும் அதே அர்த்தத்தில்தான். அப்போதும் அவர் வரவில்லை. ஒரே சொல்லில் ஒரே மனிதரிடம் இரண்டு தரம் ஏமாறுவதற்கு என்னைப்போல் ஒரு விசரியால்தான் முடியும்.

இன்னொரு தரம் தட்டினேன். "ஒருக்கா வந்து போங்கோ அண்ணா. பாக்கோணும் போல கிடக்கு."

"வந்து என்ன செய்யிறது. உன்ர குரல் எனக்குக் கேக்காது. நீ கதைக்கிறதப் பாத்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது."

கேட்காவிட்டால் பரவாயில்லை, சும்மா பக்கத்தில் இருங்கள் என்று எழுதினேன். இரண்டு நீலச் சரி அடையாளங்கள் விழுந்தன. பதில் வரவில்லை.

அடுத்த நாள் வேலையில் தமிழ்நாட்டுப் பெண் ஓடி வந்து, "அண்ணன் வந்தாரா? என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். அவள் என் கையிலிருந்த உருளைக்கிழங்குத் தட்டை வாங்கித் தானே உரித்தாள். அவளுடைய அந்த நல்ல குணம் எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. மடிக்கிற கட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். பிட்டை வீட்டுப் பெண்கள் சாப்பிட்டார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அண்ணா இப்போதும் ஞாயிறு காலைகளில் தொலைபேசி எடுக்கிறார். தட்டினால் நன்றாகப் பதில் எழுதக்கூடியவர்தான், ஆனால் எடுக்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்த பிறகு நடிப்பு இல்லை. அவர் கதைப்பார், நான் கேட்பேன். பனி, முழங்கால் நோ, அண்ணியின் சீனி வருத்தம், அதற்குப் போடுகிற ஊசி. குரல் முன்பைவிடச் சத்தமாக இருக்கிறது, தனக்கே கேட்காத ஆட்கள் கதைக்கிறதுபோல. நான் இங்கே ஓம், ஓம் என்று சொல்கிறேன். யாருக்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது.

கதைத்து முடிந்ததும் ஒரு கணம் பேசாமல் இருப்பார். அந்த இடத்தில் முன்பு வருகிற சொல் அவருடைய வாயில் வந்து நிற்பது எனக்கு இங்கே தெரியும். அதை விழுங்கிவிட்டு, "சரி பிள்ளை, வைக்கிறன்" என்பார்.

போன ஞாயிறும் அப்படித்தான் சொன்னார். வாறன் என்றே சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.